பலகையில் ஏறாத பெயர்

18.8.1991, ஞாயிறு

இளைஞர் மன்றத்துப் பையன்கள் நடத்திய சாலை ஓட்டத்தில் பென்னலூர் ஏசுதாஸ்தான் முதலில் வந்தான். முடிவுக் கோட்டில் நின்று நானே பார்த்தேன். உடனே போட்டி முடிவு எழுத என் கடை வாசலில் வைத்திருந்த பலகையில் அவன் பெயரை எழுதப் போனேன். மன்றத் தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா அவசரம் முதலாளி? நீங்களே எழுதிட்டா சீஃப் கெஸ்ட் வந்து மைக்ல இன்னாத்த சொல்லுவாரு?"

கெஸ்ட் வந்து சேர்ந்தது உச்சி வெயிலில். அதற்குள் ஏசுதாஸ், "ஓ.டி. கீதுண்ணே, லேட்டானா சூப்பர்வைசர் கத்துவான்" என்று கம்பெனிக்குப் போய்விட்டான். முதல் பரிசை வாங்க ஆளில்லை.

"இருக்கிறவனுக்குக் குடுங்கப்பா, போட்டோ எடுக்கணும்" என்றார் தலைவர். இரண்டாவதாக வந்தவன் கோப்பையை வாங்கினான். ஓட்டத்தைப் பார்த்தவர்களும் கை தட்டினார்கள். அவன் பெயரையே முதலிடத்தில் எழுதினேன். கெஸ்டின் தயவு கடைக்கு வேண்டுமே. காலையிலேயே எழுதியிருந்தால் எவனும் அழிக்கத் துணிந்திருக்கமாட்டான்.

கடை சாத்தும் நேரத்தில் ஏசுதாஸ் சைக்கிளில் வந்தான். கரண்ட் இல்லை, பலகை அவனுக்குத் தெரியவில்லை. "போட்டுட்டீங்களாண்ணே? காலைல பொண்ணக் கூட்டினு வந்து காட்டணும். அப்பன் சும்மா சொல்றான்னு சிரிக்குது."

வா என்றேன். வேறென்ன சொல்வது? விடிந்தால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்.