ஆயாக்கொட்டாயைப் பிடிக்கும் திட்டம்

9.7.79, திங்கள்
அகில உலகத்துக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் மேல் லயம் ஏழாம் நம்பர் வீட்டுச் சேவல் இன்று அரை மணி நேரம் தாமதமாகக் கூவியது. காரணம் பனி. துக்கம் அனுசரித்ததில் பள்ளிக்கு லேட்.

சரித்திர வகுப்பு. இரண்டாம் உலகப் போரில் போர்த்துகலும் ஸ்பெயினும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் அட்லாண்டிக் நடுவே அவர்கள் தீவுகள்: அசோர்ஸ், கனாரி. கப்பல் நிறுத்த, எண்ணெய் ஊற்ற அருமையான இடம். ஜிப்ரால்டர் கடற்படைத் தளம் கைவிட்டுப் போனால்? அந்தப் பயத்தில் பிரிட்டிஷ்காரன் கனாரியைப் பிடிக்கத் திட்டம். ஜெர்மன்காரனிடமும் திட்டம். அவன் எடுப்பதற்குள் நாம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் வாத்தியார். தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லையாம்.

நம் எஸ்டேட்டிலும் ஒரு தீவு. ஆயாக்கொட்டாய். மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு வீட்டு வரிசைக்கும் நடுவில். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளைகள் இருக்கும் இடம். ஆடித் திருவிழா அன்னதானம் யார் சமைப்பது என்று இரண்டு லயமும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பெரிய அடுப்பு அங்கேதான்.

ஆயா குப்பம்மா அக்கா: "ரெண்டு பேருக்கும் கெடையாது. பிள்ளைங்களுக்குக் கட்சி இல்ல லா."

10.7, செவ்வாய்
தூறல். கணக்கு வாத்தியார் திட்டிக்கொண்டிருந்தார், நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். படம், அம்புக்குறி, எல்லாம் உண்டு.

பரம ரகசியம். மேல் லயப் படை வெள்ளி விடியலில் கொட்டாயைப் பிடிக்கும்.
1. அண்டா நான்கு
2. விறகு ஒரு லோரி
3. புதுப் பூட்டு
இப்படிக்கு, தளபதி.

கடுதாசியை என் வகுப்பில் படிக்கும் கீழ் லயத்துச் சேகரின் சைக்கிளில் செருகிவிட்டேன். நெப்போலியன் எனக்கு ஷூ துடைக்கலாம்.

12.7, வியாழன்
சிரிப்பு இல்லை.

விடியலில் கீழ் லயத்து ஆட்கள் கொட்டாய்க்குள். தொட்டில்கள் அவிழ்த்து வெளியே. அண்டா, விறகு உள்ளே.

சேகரின் அப்பா: "நாளைக்கு நீங்க வர்றது தெரியும்யா. நாங்க இன்னிக்கே வந்துட்டோம்."
என் அப்பா: "எவன் சொன்னான்? கனவுலகூட நெனைக்கல!"
"கடுதாசி இருக்கு, படத்தோட!"

அடிதடி. சேகரின் மாமாவுக்கு மண்டையில் காயம். அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்தபடி பனியில். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. கூப்பிட ஆளில்லாமல் எஸ்டேட் ஆபீஸின் பெரிய கிராணியே நேரில் வந்தார். கொட்டாய்க்குப் பூட்டு.

குப்பம்மா அக்காவிடம் கிராணி: "ஒரு எடத்தப் பாத்துக்கத் தெரியல. ஒனக்கு எதுக்கு வேல?"

அக்கா திங்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையோடு வந்த வீடு. புருஷன் இல்லை. மகள் நாலாம் வகுப்பு.

13.7, வெள்ளி
பள்ளி விட்டதும் நேராக ஆபீஸ். கிராணி முன் நிமிர்ந்து நின்றேன். "எழுதினது நான்தான், சார். அக்கா மேல தப்பு இல்ல. என்ன தண்டனைன்னாலும் சரி." கிராணி பேனாவை மூடி வைத்தார். யோசிப்பதாகச் சொன்னார். சபாஷ்டா தளபதி.

14.7, சனி
மழை. அக்கா வீட்டில் சாமான் கட்டுகிறார்கள். தானா ராத்தா டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம். அம்மா அரிசி அளந்துகொண்டே, "எழுதினவன் கையில கட்டி மொளைக்க" என்றார். அந்தக் கையால்தான் சோறு தின்றேன்.

போய் இரும்புப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அக்கா: "ரெண்டு லயத்துலயும் நீ ஒருத்தன்தான்டா வந்த. நல்ல பிள்ள."

நேற்று எழுதியது பொய்.

ஆபீஸ் வரை போனது மட்டும் நிஜம். கிராணி தலையைத் தூக்கி, "என்னடா?" என்றார்.

"மணி என்ன, சார்?" என்றேன்.

நாலேகால் என்றார். தேங்க்யூ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.