தாடையில் பட்ட பந்து

ராயப்பன்பட்டி

அன்பு மகள் அபிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாட்டுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ சுகமா என்று கேட்கவில்லை, போனில் அழுததைத்தான் கேட்டேனே. பேசினால் நீ அழுகிறாய், நான் குறுக்கே குறுக்கே பேசிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

பேஸ்பாலை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். வா, வீடு பூட்டியா கிடக்கிறது. ஆனால் இந்த விளையாட்டு உனக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பார். திராட்சைத் தோட்டத்தில் கிளி விரட்ட உன்னை விட்டோம், நீ எறிந்த கல் கிளியைத் தாண்டிப் போய் ரோட்டில் நின்ற வியாபாரியின் லாரி விளக்கை உடைத்தது. சண்டைக்கு வந்த மனுஷர் தோட்டத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏ ஆத்தா, இங்கன இருந்தா எறிஞ்ச என்று கேட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடப் போனாய், கையை மடக்கி எறிகிறாய், இது பந்துவீச்சே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். விளையாட்டு வாத்தியார் சுந்தர்ராஜ் சார்தான் வீடு தேடி வந்து, எறிவதையே வேலையாக வைத்த ஒரு விளையாட்டு இருக்கிறது என்றார். அது போலீசுக்குத் தெரியுமா என்று அப்பா கேட்டார். அப்புறம் தமிழ்நாட்டுக்கு ஆடினாய், இந்தியாவுக்கு ஆடினாய், இப்போது அமெரிக்காவில் பெண்கள் அணியில் சம்பளம் கொடுத்து எறியச் சொல்கிறார்கள். முதல் ஆட்டத்தில் உன் பந்தை ஒருத்தியும் தொடவில்லை, அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மோட்டாரை நிறுத்த மறந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்.

போன மாதம் உன் பந்து பட்டு எதிர் அணிப் பிள்ளைக்குத் தாடை உடைந்தது. நீ வேண்டுமென்று போடவில்லை, அது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெரியகுளத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டவர்களுக்கும் தெரியும், ஆனாலும் யோசிச்சுச் சொல்றோம்னு சொன்னாக. அதற்குப் பிறகு நீ போடுகிற பந்தெல்லாம் மட்டைக்கு எட்டாமல் வெளியே போகிறது. ஆள் மேல பட்டுரக் கூடாதுன்னே எறியுது பிள்ளை என்று அப்பா சொன்னார், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தது நல்லது. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியாமல், அடுத்த தடவை உன் பந்தை அடிப்பேன் என்று போனில் தட்டிக் காட்டினாள் என்றாயே, அதைச் சொல்லித்தானே அழுதாய். இதில் அழ என்ன இருக்கிறது? அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டு தாடை எப்போது கூடும் என்று காத்திருக்கிறாள். நீ இங்கே வந்து திராட்சை பறித்துக்கொண்டிருந்தால் அவள் யார் பந்தை அடிப்பாள்? அவள் திரும்ப வருகிறவரை இரு. வந்து நின்றால் நேராகப் போடு, பயந்து விலக்கிப் போட்டால் அவளுக்கு அதுதான் அவமானம். அடித்தால் அடிக்கட்டும். அதற்கப்புறமும் ஊருக்கு வரத் தோன்றினால் சொல், மதுரை ஏர்போர்ட்டில் அப்பா வந்து நிற்பார்.

குலசாமி உன் தோளுக்கும் அந்தப் பிள்ளையின் தாடைக்கும் துணை இருக்கட்டும். வெறும் ரொட்டியைத் தின்று பொழுதைப் போக்காதே, சோறு வை. அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, தமிழில் எழுதி அனுப்பு. வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனைக்குத் தாடை உடைந்த பிள்ளை என்றே பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவரும் அப்படியே மந்திரத்தில் சேர்த்துச் சொல்கிறார்.

ஆசியுடன்,
உன் அம்மா
ம. பவுனு