மணவறை ஏற்றிவந்த பிக்கப்

மச்சான்,

இன்று காலை பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்று இருமிக்கொண்டிருந்தது. எங்கள் மோர்னிங்சைட் பகுதி முழுவதும் உறைந்துபோன காலை. ஓட்டுபவர் காலால் அழுத்த அழுத்த, அது உடம்பை உதறி உதறி அடங்கியது. பனி அள்ளிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குளிரிலும் முகம் சூடேறியது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் மகளின் கல்யாணக் காலை என்னைத் தலைகுனிய வைக்கிறது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் நாம் இருந்த காலத்தில் பனிக்கு ஏற்ற சப்பாத்துக்கூட நம்மிடம் இல்லை. பிறகு நீ பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போனாய். நான் வீடுகளுக்கு மின்சார வயறிங் செய்யும் தொழிலில் காலூன்றி, முதன்முதலாகப் புத்தம்புதிய டர்போ பிக்கப் ஒன்றை வாங்கினேன். வாங்கிய கையோடு உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கேட்காமலே விளக்கமும் சொன்னேன். குளிர்காற்று அடர்த்தியானது, டர்போ அதை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும்போது பலம் கூடும் என்று.

"குளிர் கூடக்கூட இது இன்னும் நல்லா இழுக்குமடா."

நீ முன்சில்லின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தாய். "இழுக்கிறது சரி. போற இடத்துக்குப் போய்ச் சேருமோ?"

தை மாதம் உன் மகளின் கல்யாணம். மணவறை போடுவதாக இருந்தவர் நோயில் விழுந்துவிட, ஸ்காபரோக் கோயிலொன்று தூண்களோடு கூடிய தனது மர மணவறையைத் தர ஒப்புக்கொண்டது. "நான் ஏத்திக்கொண்டு வாறன், நீ பொம்பிளையைக் கவனி" என்றேன்.

கோயிலில் மணவறையை ஏற்றிப் புறப்படும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. வெளியே ஈரமான குளிர், மெல்லிய பனிப்புகார். நெடுஞ்சாலையில் பாதி வழியில் ஒரு லொறியை முந்த அழுத்தினேன். வண்டி குலுங்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பிறகு எவ்வளவு அழுத்தியும் வேகம் ஏறவில்லை. டர்போ அமுக்கும் காற்று சூடாகும், அதை ஆறவைக்க முன்பக்கம் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் ஈரம் உறைந்து, பிறகு எஞ்சினுக்குள் இழுபட்டால் அது திணறும் என்று பின்னொரு நாள் கராஜ்காரர் சொன்னார். "உங்களில பிழையில்லை" என்றும் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்ல யாருமில்லை. விளக்குகளை மின்னவிட்டபடி சாலை ஓரமாக ஊர்ந்தேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் "வந்திட்டன், வந்திட்டன்" என்றேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பட்டுவேட்டிக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டபடி நின்றிருந்தார்கள். உன் சம்பந்தி முன்னுக்கு வந்தார்.

"முகூர்த்தம் முடியப்போகுது. கோயில்ல இருந்து நடந்தோ வந்தனீங்கள்?"

நான் குனிந்து கட்டுக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினேன். நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சால்வையோடு பனிக்குள் இறங்கினாய்.

"நான்தான் அண்ணை மெதுவா வரச்சொன்னனான். கோயில் சாமான், ரோட்டும் சறுக்குது. என்ர பிழை."

பிறகு என் காதோடு, "தூணைப் பிடியடா, அழுறதைப் பிறகு பாப்பம்" என்றாய்.

முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சு உன்னோடு ஒட்டிக்கொண்டது. எந்த விசேஷத்திலும் சம்பந்தி ஆரம்பிப்பார்: "இவர் மெதுவா வரச்சொல்லுவார், நாங்கள் காத்துக்கொண்டு நிக்கோணும்." எல்லோரையும்விட நீதான் பலமாகச் சிரிப்பாய். நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் எழும்பிப் போவேன். உன் பேரனின் பிறந்தநாளில், "அண்ணை, உண்மையில அண்டைக்கு..." என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாய். வெளியே வந்ததும், "மனுசன் சிரிக்கிறார், பிள்ளை அங்க சந்தோசமா இருக்கிறாள். உனக்கென்ன வருத்தம்?" என்று கேட்டாய்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கன்று சம்பந்தி என் பக்கத்தில் சாப்பிட இருந்தார். "எல்லாரையும் மெதுவா வரச்சொன்ன மனுசன், தான் மட்டும் அவசரமாப் போயிட்டார்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வண்டி திணறியதை, நீ மறைத்ததை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "தம்பி, அது குலுங்கிக் குலுங்கி வந்ததை நானும்தானே பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் அண்ணை அவரைப் பகிடி பண்ணினீங்கள்?"

"அவருக்கு அது பிடிக்கும். அத்தனை சனத்துக்கு முன்னால அவர் உங்களை விட்டுக்குடுக்கேல்லை. நல்ல வீட்டிலதான் பொம்பிளை எடுத்திருக்கிறம் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு மனம் ஆறினது."

நீங்கள் இருவரும் என்னை நடுவில் இருத்தி, ஒருவருக்கொருவர் சொல்லாமலே பொத்திப் பாதுகாத்திருக்கிறீர்கள். இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவப் போன இடத்தில் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றேன். அதன்பிறகு அவரை நேரே பார்க்கவில்லை.

இப்போது பொங்கலுக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார். "மாமா, நீங்கள் கட்டாயம் வரோணும்" என்று உன் மகளும் சொன்னாள். வெட்கம் கொஞ்சமும் குறையவில்லை, மச்சான். எந்த முகத்தோடு அவர் முன்னால் இருப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் போவேன். அவர் அந்தப் பகிடியைச் சொல்லும்போது, உனக்குப் பதிலாகச் சிரிக்க அங்கே ஒருவர் இருக்கவேண்டும்.