கம்பியில் ஆறு வெட்டு

மச்சான்,

இன்று காலை லேத்துக்காரர் மரம் இழைக்கிற நம் கொம்பினேசன் சீவுளிக்குப் புதுக் கம்பி இரண்டு கடைந்து பூட்டிக் கொண்டுவந்தார். பழைய இரண்டையும் பேப்பரில் சுற்றி மேசையில் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கிறீஸ் மணம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. நானும் காலையிலிருந்து ஓர் இடத்தில் இருக்கவில்லை. இங்கே சண்டிலிப்பாயிலிருந்து கொழும்புத்துறைக்கு உன் வீட்டுக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், பட்டறைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். இதை எழுதும்போதும் இரண்டு வரிக்கு ஒருதரம் எழும்புகிறேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம். உன்னை அன்று ஏசினேனே, அது நியாயமா அநியாயமா என்ற ஒன்றுதான் இவ்வளவு நாளும் என்னை அரித்தது. இன்று தெரிந்துவிட்டது.

அந்தச் சீவுளியைக் கண்டுபிடித்தது நீ. வாங்கியது நான். ஓவசியர் வீட்டார் லண்டனுக்குப் போக வீட்டைக் காலிசெய்தபோது, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கிடந்தது. உள்ளே நிக்கல் பூச்சுப் போட்ட இரும்பு உடல், பக்கவாட்டில் இரண்டு கம்பி, கம்பிகளில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சட்டம், இருபதுக்கு மேல் அலகுகள். அலகை மாற்றினால் பலகையில் நீளப் பள்ளமாக ஓடும் தவாளிப்பு, படி, உருண்டை விளிம்பு எல்லாவற்றையும் அது ஒன்றே வெட்டும். "உதுக்கு எத்தினை திருகாணியடா! உதைப் பூட்டி முடிக்கிறதுக்குள்ளை ஒரு கலியாணவீட்டை நடத்திப்போடலாம்" என்று சிரித்தாய். ஆனால் உன்னைப்போல அதைப் பூட்ட எனக்கு ஒருநாளும் வரவில்லை. பலகையின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டவேண்டுமோ, அந்தத் தூரத்தில் சட்டத்தை வைத்து இறுக்கவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் கதவின் நடுப்பலகை இறங்காது. நீ இறுக்கினால் பிசகாது.

கடைசி வருடம் உன் நடப்பு மாறியது. சைக்கிளை விட்டு பஸ்ஸில் வந்தாய். முழங்கால் நோகுது என்றாய். அளவுகோலை என்னிடம் நீட்டி, "நீயே பார்த்து வை" என்பாய். சோம்பல், பஞ்சி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்பதையும் நிற்பாட்டினாய். இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்தாய். "என்ன, இந்த வயதிலை மாப்பிள்ளைக் கோலமோ?" என்று பகிடி பண்ணினேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். சரியான கள்ளன்.

அன்று வீட்டுக்காரர் ஒருவர் கதவு பார்க்க வந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, ஆள் வந்தால் அந்தச் சீவுளியைக் காட்டாமல் விடமாட்டேன். துணியை விலக்கினால் இரண்டு கம்பியிலும் அரத்தால் ராவிய வெட்டுகள்.

"உதென்னடா? எலி அரிச்ச மாதிரி?"

"சும்மா ஒரு அடையாளம், மச்சான்."

"நூறு வருசக் கம்பியடா! உப்பிடி இன்னொண்டு எங்கை எடுப்பாய்? உனக்கென்ன, கண் பொட்டையே?"

நீ சீவுளியை எண்ணெய்த் துணியால் துடைத்தாய். அலகுகளைத் தடவித் தடவிப் பெட்டியில் அடுக்கினாய். மறுநாள் வரவில்லை. தேடி வர எனக்கும் ரோசம் விடவில்லை. நாலு மாதம் கழித்து மாரடைப்பு என்று செய்தி வந்தது. செத்தவீட்டில் படலைக்குப் பக்கத்தில் ஆம்பிளைகளோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். உன் மனைவியோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இன்று மழை இருட்டு, கரண்டும் இல்லை. ஒரு யன்னல் வேலைக்குச் சீவுளியைப் பூட்ட உட்கார்ந்தேன். அளவுகோலின் கோடு கண்ணுக்குப் பிடிபடவில்லை. எரிச்சலில் பழைய கம்பியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தபோது பெருவிரல் நகம் ஒரு வெட்டுக்குள் விழுந்தது. தடவினேன். முதலில் ஒரு வெட்டு. கொஞ்சம் தள்ளி இரண்டு. இன்னும் தள்ளி மூன்று. மற்றக் கம்பியிலும் அதே ஆறு வெட்டு, அதே இடங்களில். புதுக் கம்பிகளைக் கழற்றிப் பழையதைப் பூட்டினேன். நகத்தை ஒற்றை வெட்டில் வைத்து, சட்டத்தை நகத்தில் முட்டும்வரை தள்ளி, இறுக்கி, ஒரு கழிவுத் துண்டில் ஓட்டினேன். நாம் வழக்கமாக வெட்டும் கதவுத் தவாளிப்பு, மயிரிழை பிசகாமல். இரட்டை வெட்டு யன்னல். மூன்று வெட்டு மேசை லாச்சி. அளவுகோலைப் பார்க்கவே தேவையில்லாமல் செய்து வைத்திருந்தாய். ஏன் என்று விளங்கியதும், மழையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

"மழைக்குள்ளை ஏன் அண்ணை வந்தனீங்கள்?" என்றார் உன் மனைவி.

"தங்கச்சி, அவனுக்குக் கண்..."

"ஓம் அண்ணை. கண்ணிலை பிறசராம். இடக்கண் முழுக்கப் போயிட்டுது, மற்றதும் மங்கல். பிந்திப்போச்சுது எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"தெரிஞ்சால் நீங்கள் வேலையாலை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு பயந்தவர்."

எனக்குக் கோபம் வந்தது, மச்சான், உன்மேல்தான். நாற்பது வருடப் பழக்கம், என்னை அப்படியா நினைத்தாய்? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் முந்தி நம் பட்டறையில் வேலை செய்து, கை நடுங்கத் தொடங்கிய ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். ஒரு மத்தியானத்தோடு அவரை அனுப்பிவிட்டேன். அவருடைய ஆயுதப் பெட்டியை பஸ் ஏற்றும்வரை தூக்கிக்கொண்டு போனவன் நீ. வந்து, பின்னேரம்வரை என்னோடு கதைக்கவில்லை.

"ஓம் தங்கச்சி," என்றேன். "நிப்பாட்டித்தான் இருப்பன்."

அவர் உள்ளே போய் ஒரு துவாய் கொண்டுவந்து, "தலையைத் துடையுங்கோ" என்றார்.

நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் வரும் வழியெல்லாம் கொண்டுவந்தேன், இன்னும் இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அந்த வீட்டுக்குப் போனேன், மச்சான். நீ என்னைப் பற்றிப் பயந்தது சரிதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.