படுத்துக்கொண்ட பூரே

அன்புள்ள பபிசராவுக்கு,

உன் கணவன் நரஜித் எழுதுவது. மஸ்டோ தெய்வத்தின் காவலில் நான், அம்மா, குழந்தை ஜூனகலி மூவரும் சுகம். சுர்கேத்தில் உன் படிப்பும் உடம்பும் சுகமாயிருக்க வேண்டும். செல்போன் டவர் இந்த மாதமும் படுத்துவிட்டது. சிமிகோட்டிலிருந்து விமானம் ஏறும் வாத்தியார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லோரையும் விசாரித்திருந்தாய். முதலில் உன் செல்லக் கிடாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். பூரே என் பேச்சைக் கேட்பதே இல்லை. மலையேற்றம் வந்தால் போதும், முதுகில் கட்டிய அரிசிப் பொதியோடு வழியில் படுத்துக்கொள்கிறான். முன்னே நடத்திப் போகும் ஆடு படுத்தால் பின்னால் வரும் மந்தை முழுவதும் நின்றுவிடுகிறது. நீ சீழ்க்கை அடித்தால் ஓடி வருவானே, நானும் அடித்துப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொம்பைப் பிடித்து இழுத்தேன். அதைச் சண்டைக்கு அழைப்பதாக நினைத்துக்கொண்டான் போல. இப்போது என்னைக் கண்டாலே தலையைத் தாழ்த்துகிறான். என் முழங்காலில் இன்னும் வீக்கம்.

அம்மாவின் வாய் உனக்குத் தெரியும். “மருமக இல்லாத வீட்டுல ஆடு மட்டும் எதுக்குடா பேச்சு கேக்கணும்?” என்கிறாள், ஊரே கேட்கும்படி.

போன முறை தில்சரா அண்ணியும் தன் ஆடுகளோடு அரிசிக் கிடங்குக்கு வந்திருந்தாள். திரும்பும்போது கர்ணாலி ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் பூரே படுத்துவிட்டான். எதிர்ப்பக்கம் உப்பு ஏற்றிய வேறொரு மந்தை காத்து நிற்கிறது. அவர்கள் போட்ட கூச்சலில் எனக்கு மானம் போயிற்று. பொதியை அவிழ்த்து என் முதுகில் போட்டுக்கொண்டேன். உடனே அவன் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்தான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். “தம்பி, நீ ஆட்டைப் பழக்கலப்பா, அதுதான் உன்னைப் பழக்கி வச்சிருக்கு. படுத்தா பாரம் எறங்கும்னு நீயே சொல்லிக் குடுத்துட்டே. அடிக்காதே, மூஞ்சியில தண்ணியத் தெளி. எழுந்து நாலு எட்டு வச்சப்புறம் எறக்கு. படுத்திருக்கையில உசுரே போனாலும் எறக்காதே” என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தேன். இரண்டு முறை பலித்தது. தண்ணீர் பட்டதும் துள்ளி எழுந்தான். எழுந்து நடந்த பிறகு பாரத்தை இறக்கி, கையால் கொஞ்சம் உப்புக் கொடுத்தேன். வாத்தியாரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன், அவர் உன்னிடம் சொல்வார்.

முந்தாநாள் தேவதாரு மேட்டில் மறுபடி படுத்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொதியில் இருந்தது மேலூர் மக்களின் குளிர்கால அரிசி, நனைந்தால் கெட்டுவிடும். தண்ணீர் தெளித்தேன், எழவில்லை. மறுபடி தெளித்தேன், கத்தினான். “உனக்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம், பாப்போம்டா” என்று எதிரே உட்கார்ந்துகொண்டேன். அண்ணி சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் பாரத்தை இறக்கவே இல்லை, பபிசரா. மழை பிடித்துக்கொண்டது. அவன் கத்துவதையும் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

வயிற்று வாரைத் தளர்த்தக் கை விட்டபோது விரலெல்லாம் ஈரம். மழை என்று நினைத்தேன், ரத்தம். முன்னங்கால் இடுக்கில், ரோமத்துக்கு அடியில், கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. நீ நெய்த கம்பளி வார் அறுந்த பிறகு நைலான் கயிறு கட்டினேன். ஏற்றத்தில் அது இறுகியிருக்கிறது. எத்தனை நாளாக அப்படி நடந்தானோ. அத்தனை நாளும் நான் அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் பொதியை நான் சுமந்தேன். அரிசி பாதி நனைந்துபோனதால் மேலூர்க்காரர்களிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். மஞ்சளும் கடுகெண்ணெயும் வைத்துப் புண்ணைக் கட்டியிருக்கிறேன். அம்மா தன் பழைய சால்வையைக் கிழித்து வார் தைத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது. இன்று பூரே என் கையிலிருந்து வாற்கோதுமை ரொட்டி தின்றான், தலையைத் தாழ்த்தவில்லை.

ஜூனகலி நன்றாயிருக்கிறாள். பல் ஒன்று ஆடுகிறது. போன வாரம் தில்சரா அண்ணியை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டாள். அண்ணி, “நான் பெரியம்மாடி, உங்கம்மா குழந்தைங்களப் பொறக்க வைக்கப் படிக்கப் போயிருக்கா” என்று திருத்தினாள். குழந்தை சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது.

தசைன் பண்டிகைக்கு நீ வராததற்கு நான் கோபமாக எழுதியனுப்பியதை மனத்தில் வைக்காதே. பரீட்சை உன்னுடையது. இந்த ஊரில் பிரசவத்தில் போனவர்களை நானும்தான் தூக்கிச் சென்றேன். முழுவதும் படித்து முடித்துவிட்டே வா. உன் கையால் நல்லபடி பிள்ளைகள் பிறக்கட்டும்.

பனி விழுந்து வழி அடைபடும் முன்னால் ஒரு வாரம் விடுமுறை கேட்டால் தரமாட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன். பூரேயின் புண்ணை ஒரு தடவை நீ பார்த்தால் நல்லது. ஆட்டுக்காகத்தான்.

இப்படிக்கு,
உன் நரஜித்