ரோசி துடைத்த கண்ணாடி

12 ஆகஸ்ட் 2006, சனி

நாளை பேத்திக்கு ஞானஸ்நானம். மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வெள்ளி மண்ணில், அதாவது சுட்டால் அசல் வெள்ளியாகிவிடும் களிமண்ணில், நானும் தங்கை ரோசியும் ஆளுக்கொரு சிலுவை செய்தோம். ஈரத்தோடு சுட்டால் வெடிக்குமாம். லேசாகச் சூடுகாட்டிக் கண்ணாடிமேல் வைத்து, ஆவி படிகிறதா என்று பார்க்கச் சொன்னான் மகன்; படிந்தால் உள்ளே இன்னும் ஈரமாம்.

என்னுடையதை ரோசிதான் வைத்துப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சுக்கா, சுடு."

நம்பி, கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டினேன். படபடவென்று வெடித்துத் தூளாகிவிட்டது.

"உனுக்கு எப்பவும் அவசரம்" என்று சிரிக்கிறாள்.

அவள் சிலுவையோ சுட்டுத் தேய்த்ததும் பளபளத்தது. அப்போதுதான் உறைத்தது. என்னைச் சுடச் சொல்லுமுன் அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். நான் தூசி என்று நினைத்தேன்.

மண் தீர்ந்துவிட்டது. நாளை குழந்தை கழுத்தில் அவள் சிலுவைதான். யார் செய்தது என்று கோயிலில் கேட்டால், என் தங்கச்சி என்று நானே சிரித்துச் சொல்ல வேண்டும்.