மோட்டார் மெசேஜ்

புரட்டாசி 15, ஞாயிறு
வெயில் கொளுத்துகிறது. பன்னிரண்டு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர். தெருக்கடைசிக்குப் போய்ச் சேரவில்லை. எப்படிப் போகும்? எங்கள் வீட்டில்தான் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோமே. அத்தான் வேலை; என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர்தான் இந்த வார்டில் கவுன்சிலருக்கு நிற்கிறார். நோட்டீஸில் முதல் வாக்குறுதி, குடிநீர்.

கடைசி வீட்டுச் செல்வி, இடுப்பில் பிள்ளை, கையில் காலிக் குடம். பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்தால் நான் பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வாங்க: உளுந்து, சோப்பு, கொசுவத்தி.

16, திங்கள்
பஸ் ஸ்டாண்டுக் கடையில் புது சிம். பேர்கூடக் கேட்கவில்லை. என் போனிலேயே போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "மோட்டார் போட்டுத் தண்ணி உறிஞ்சுதவருக்கா நம்ம ஓட்டு?" தெருவில் ஆறு பேருக்கு. பழைய சிம்மை மாட்டிவிட்டு, புதுசை மஞ்சள்தூள் டப்பாவில் ஒளித்தேன்.

உளுந்து மறந்துவிட்டது.

17, செவ்வாய்
காலை பத்து மணிக்குள் அதே வரி என் போனுக்கே வந்துவிட்டது. அனுப்பியது கடம்பூரில் இருக்கும் சித்தி மகள். கூடவே, "ஒங்க தெருக் கூத்தப் பாத்தியாட்டி?" உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்து வருஷமாக இந்த வீட்டில் நான் பேசிய எதுவும் அடுப்படி தாண்டியதில்லை. இது கடம்பூர் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

மத்தியானம் அத்தான் தன் போனை நீட்டினார். "எழுத்துக் கூட்ட முடியல. வாசி தாயி."

வாசித்தேன்.

"இன்னொருக்க."

வாசித்தேன்.

"ஆருன்னு தெரிஞ்சா நேர்ல போயிப் பேசிரலாம். ஆருமே இல்லாதவன்கிட்ட என்னத்தப் பேச?"

முகம் செத்திருந்தது. வேனில் மைக் கட்டி ஊரை அலற வைக்கிற மனுஷன். பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"பதிலு ஒண்ணு எழுதி நாலு பேருக்கு அனுப்பு. அதுவும் ஆரு அனுப்புனதுன்னு தெரியப்பிடாது."

18, புதன்
மேகமூட்டம். மழை இல்லை. பதில் அனுப்பியாயிற்று, அதே புது சிம்மிலிருந்து. அத்தானிடம் காட்டவில்லை. "மோட்டாரக் கழட்டியாச்சு. சந்தேகம்னா வந்து பாத்துக்கிடுங்க."

பதினோரு மணிக்கு வாசலில் பதினைந்து பெண்கள். முன்னால் செல்வி.

"மோட்டாரக் கழட்டிட்டீயளாமே அண்ணாச்சி. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு உள்ளே வந்து, மெதுவாக, "அவியள உக்காரச் சொல்லி மோர் குடு. ஸ்பேனரு எங்கன கெடக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். பின்கட்டில் அவர் போல்ட் திருகுகிற சத்தம் வாசலுக்குக் கேட்காமலிருக்க, வெறும் மிக்ஸியை ஓடவிட்டேன்.